வெயிட்டிங் லிஸ்டில் ஒரு பாஸ்போர்ட்

என்னை நானே ஒரு சோபாவோடு சேர்த்து ஸ்டேப்பிள் அடித்துக்கொண்டதில்தான் அன்றைய விசாரணை தொடங்கியது.

தப்பு முழுக்க என்னுடையது. குஷன் கடையின் மேஜையில், ரெக்ஸின் துணிகளுக்கு நடுவே, துப்பாக்கி மாதிரி ஒன்று கிடந்தது. துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு துப்பாக்கியைக் கையில் பிடித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கள் நிறுவனத்தின் ஒரே ஆயுதம் சித்தியின் குடை. எடுத்தேன். சோபாக் கைப்பிடியில் ஸ்டைலாக உட்கார்ந்து, தொடையோரம் சாய்த்து வைத்துக்கொண்டு, "அப்ப பாஸ்போர்ட்டைக் கடைசியா யாரு பார்த்தது?" என்று கேட்டேன்.

டக். டக். டக்.

அது கம்ப்ரஸர் காற்றில் ஓடும் ஸ்டேப்பிள் கன் என்று பிறகுதான் சொன்னார்கள். என் பேன்ட்டின் இடது பக்கம் யாரோ ஒரு புண்ணியவானின் சோபாவோடு ஐக்கியமாகிவிட்டது. சதைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி.

"அசையாதீங்க தம்பி!" குஷன்காரர் குறடை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அசைய முடிஞ்சா நான் ஏன் சார் இப்படி உக்காந்திருக்கேன்?"

சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விடுங்க. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும். எதையும் உடைக்காம இருப்பான்."

சித்தி என்றால் நிஜமாகவே என் அம்மாவின் தங்கை. பள்ளிக்கூடப் பரீட்சை ஹால்களில் சூப்பர்வைசராக நின்று நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். எத்தனையோ பேரின் ஷூவிலிருந்தும் சட்டைக் காலரிலிருந்தும் பிட்டு எடுத்த கை. ரிட்டயர் ஆனதும், பழகின பார்வை வீணாகக்கூடாது என்று துப்பறியும் நிறுவனம் திறந்தார். நான் உதவியாளன். தகுதி: அக்கா மகன், வேறு வேலை இல்லை.

கேஸ் இதுதான். குஷன்காரரின் ஒரே பெண்ணுக்கு அமெரிக்காவில், உலகமே வாயைப் பிளக்கும் ஒரு யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விசா இன்டர்வியூ. பீரோவில் இருந்த அவளுடைய பாஸ்போர்ட்டைக் காணோம். பீரோ உடைபடவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த அவள் அம்மாவின் வளையலை யாரும் தொடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் பெண்ணின் எதிர்காலமே போச்சு என்று அம்மா அழுகிறார்.

குஷன்காரர் என் பேன்ட்டிலிருந்து ஒவ்வொரு கம்பியாக நெம்பி எடுத்தார். பெரிய கை, ஆனால் என் துணியில் ஒரு இழைகூட அறுபடவில்லை.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா சார்?" என்றேன்.

"சந்தேகப்பட்டு என்ன ஆகப்போகுது தம்பி."

"வீட்டுக்கு வெளியாளுங்க வந்து போனாங்களா?"

"வருவாங்க, போவாங்க. கடை வச்சிருக்கோம்ல." கடைசிக் கம்பியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "எங்க இருந்தாலும் பத்திரமாத்தான் இருக்கும். நீங்க நிதானமாத் தேடுங்க."

நிதானமாகத் தேடச் சொன்ன முதல் வாடிக்கையாளர் அவர்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

*

கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே போனதும் நான் கவனித்த முதல் விஷயம், உட்கார இடம் இல்லை. நாற்காலிகள் இருந்தன. ஆனால் ஒன்றில் ஸ்பிரிங் தலையை நீட்டி எட்டிப் பார்த்தது, இன்னொன்றில் பஞ்சு பல்லைக் காட்டியது.

"பாருங்க இந்த அழகை," என்றார் குஷன்காரரின் மனைவி. மருந்துக் கடையில் பில் போடுகிறவர். "ஊருக்கெல்லாம் மெத்து மெத்துன்னு சோபா. எங்களுக்கு முள்ளுப் படுக்கை. கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்கறேன், 'அடுத்த வாரம்' 'அடுத்த வாரம்'னே ஓட்டிட்டார் மனுஷன்."

ஜன்னலோரம் ஒரு படிப்பு மேஜை. அதன் முன்னால் பச்சை ரெக்ஸின் போட்ட ஒரு ஸ்டூல், புதுப் பசை வாசனையோடு, பளபளவென்று. நான் அதை நோக்கிப் பாய்ந்தேன்.

"தம்பி, அதுல வேண்டாம்!" குஷன்காரர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "இதுல உக்காருங்க." ஸ்பிரிங் நாற்காலியைத் தள்ளிவிட்டார்.

என் ஸ்டேப்பிள் சாதனையைப் பார்த்தவர் அவர். நியாயமான பயம்தான் என்று ஸ்பிரிங்கின் மேலேயே உட்கார்ந்தேன். அது என்னை முழு மனதோடு வரவேற்றது.

"எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் வேலை மேடம்," என்றார் அம்மா. "கண்ணு போட்டுட்டாங்க. நானும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். தலைவலி மாத்திரை வாங்க வர்றவங்ககிட்டக் கூட, 'ராத்திரி சாப்பிட்டப்புறம் ஒண்ணு போடுங்க, எம்பொண்ணுக்கு அமெரிக்காவுல இடம் கிடைச்சிருக்கு'ன்னு சொல்லித்தான் குடுத்தேன். இப்பப் பாருங்க. போச்சு. எல்லாமே போச்சு."

போனில் பெண்ணின் தாய்மாமாவைப் பிடித்தோம். டிராவல் ஏஜென்சி வைத்திருப்பவர். விசா இன்டர்வியூவுக்குத் தேதி வாங்கிக் கொடுத்ததே அவர்தான். "எவனோ தூக்கிட்டான் மேடம், என் மருமக பாஸ்போர்ட்டை! யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்!" என்று அவர் கத்தியதில் போனை மேஜையில் வைத்துவிட்டே கேட்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் பெண் உள்ளே வந்தாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் முடித்த பிறகும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரியே இருந்தாள். நேராக அந்தப் பச்சை ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். அவள் அப்பா அவளை ஒன்றும் சொல்லவில்லை.

"எங்கயோ விழுந்திருக்கும் ஆன்ட்டி," என்றாள். "நான்தான் எங்கயாவது தவற விட்டிருப்பேன். அம்மாதான் பெருசு பண்றாங்க."

"எந்த யுனிவர்சிட்டிம்மா?" என்று நான் ஆரம்பித்தேன்.

"அம்மா சொல்லலையாண்ணா?"

"சொன்னாங்க. எனக்கு வாயில நுழையல. இடம் கிடைச்ச அன்னிக்கு எப்படி இருந்தது?"

"எல்லாரும் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

"நீ?"

"ஆகஸ்ட்ல கிளாஸ் ஆரம்பம்ணா."

"அதைக் கேக்கல..."

"அம்மா, காபி போடட்டுமா இவங்களுக்கு?" என்று எழுந்து போய்விட்டாள்.

அம்மா பூரிப்போடு அவள் போன திசையைப் பார்த்தார். "அடக்கமான பொண்ணு. அன்னிக்குக்கூட எப்படிச் சொன்னாங்கறீங்க? நான் மருந்துக் கடையிலேர்ந்து போன் பண்ணி 'என்னடி ஆச்சு'ன்னு கேட்டா, மெதுவா, 'வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டிருக்காங்கம்மா'ங்கறா. அவ்வளவு பெரிய யுனிவர்சிட்டியில லிஸ்ட்ல பேரு வந்திருக்கு! ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்தா கிளம்பறதுக்குள்ள கன்ஃபர்ம் ஆகாமலா போகுது? அப்பவே கடையில எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துட்டேன்."

"கன்ஃபர்ம் ஆச்சா?" என்றார் சித்தி.

"ஆகாம? ஒரு மாசம் கழிச்சுக் கேட்டேன், 'எல்லாம் ஓகேம்மா'ன்னா. இடம் கிடைச்ச பேப்பர்கூட மாமாகிட்டக் குடுத்துட்டாளே."

சித்தி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். காபி வரும் முன்பே நாங்கள் தெருவில் இருந்தோம். அது எனக்குப் பெரிய நஷ்டம்.

*

பெண்ணுக்கு விண்ணப்பம் போட உதவிய கன்சல்டன்ட்டின் அலுவலகம், பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே பல்லைப் பிடுங்குவார்கள், மேலே கனவைக் கட்டுவார்கள். இரண்டு இடத்திலும் வெயிட்டிங் ரூமில் ஒரே மாதிரி முகங்கள்.

டை கட்டிய இளைஞர். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க போட்டோ. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே அது சேர்ந்த யுனிவர்சிட்டியின் பெயர்.

"ஒரு வெளிநாட்டுப் பிள்ளைக்கு அந்த மாதிரி இடத்துல சான்ஸ் எவ்வளவு சார்?" என்றேன்.

"அது பல விஷயங்களைப் பொறுத்தது சார். மொத்த ஆளுமையைப் பார்ப்பாங்க."

"சரி. மொத்த ஆளுமையும் நல்லா இருந்தா?"

"இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது."

"மழை வருமான்னு கேட்டா டி.வி.யில இப்படித்தான் சார் சொல்றாங்க."

"டேய், சும்மா இரு," என்ற சித்தி, கன்சல்டன்ட்டிடம் திரும்பினார். "தம்பி, நல்ல மார்க் எடுத்த பிள்ளை. எல்லாரும் போடற மாதிரி ரெண்டு மூணு சாதாரண யுனிவர்சிட்டிக்கும் போட்டு வச்சிருக்கலாமே?"

அவர் டையைத் தளர்த்தினார். "நானும் அதைத்தான் சொன்னேன் மேடம். கேக்கலை. வெளிநாட்டுப் பிள்ளைக்குப் படிப்புச் செலவு மொத்தத்தையும் ஏத்துக்கற இடம் விரல் விட்டு எண்ணலாம். அதெல்லாமே அந்த உச்சாணிக் கொம்புதான். 'கீழே இருக்கற இடம் கிடைச்சா எங்கப்பா கடையை வித்து அனுப்புவார் சார், அதனால அங்கெல்லாம் போட மாட்டேன்'னுட்டா. கிடைச்சா மேல, இல்லைன்னா ஒண்ணும் வேண்டாம். உலகம் பூரா இருக்கற முதல் மார்க் பிள்ளைங்க அத்தனை பேரும் அந்தக் கதவைத்தான் தட்டறாங்க. உள்ள விடறது நூத்துல ரெண்டோ மூணோ."

"அந்த ரெண்டு மூணுல இவளும் ஒருத்தி," என்றார் சித்தி.

"ம்... அட்மிஷன் விவரமெல்லாம் ரகசியம் மேடம்."

"ரகசியமா? சுவர் பூரா ஆணி அடிச்சு மாட்டியிருக்கீங்களே!" சித்தி குடையை நீட்டிச் சுவரைக் காட்டினார். "பக்கத்து ஊர்க் காலேஜுக்குப் போன பையன் போட்டோகூட இருக்கு. இருக்கறதுலயே பெரிய இடத்துக்குப் போன பொண்ணு போட்டோ எங்க?"

கீழே பல் மருத்துவரின் டிரில் சத்தம் கேட்டது. கன்சல்டன்ட் மேஜை டிராயரை இழுத்து ஒரு ஃப்ரேமை எடுத்து வைத்தார். கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடியில் யுனிவர்சிட்டி பெயரும் தங்க எழுத்தில்.

"ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே ஃப்ரேம் போட்டுட்டேன் மேடம். அவ்வளவு நம்பிக்கை எனக்கு." அவர் குரல் டிராயருக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. "மத்த எல்லாரும் இல்லைன்னுட்டாங்க. இவங்க மட்டும் வெயிட்லிஸ்ட். அது ரயில் லிஸ்ட் இல்ல மேடம். அங்க யாரும் இறங்க மாட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு அதுவும் இல்லைன்னு மெயில் வந்துடுச்சு. வீட்டுல சொல்லிடும்மான்னேன். 'அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டாங்க சார், நீங்க மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. என்னை விடச் சின்னப் பொண்ணு, கும்பிடறா. நான் என்ன பண்ண?"

"மாமாகிட்டக் குடுத்த பேப்பர்?" என்றேன்.

"நான் குடுக்கலை," என்றார் அவர் அவசரமாக. அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கே புரிந்தது. அந்தப் பேப்பரை அவளே தயாரித்திருக்கிறாள்.

ஃப்ரேமை மறுபடி டிராயருக்குள் வைத்தார். குப்பையில் போடவும் மனசு வரவில்லை, மாட்டவும் வழியில்லை.

*

ஸ்கூட்டரில் திரும்பும்போது நான் பெருமையில் மிதந்தேன். பின்னால் சித்தி.

"கேஸ் முடிஞ்சுது சித்தி. பாஸ்போர்ட்டை ஒளிச்சது அந்தப் பொண்ணேதான். போலிப் பேப்பரோட விசா கவுண்ட்டர்ல போய் நிக்க முடியாது. பாஸ்போர்ட் இல்லைன்னா இன்டர்வியூ இல்லை. இன்டர்வியூ இல்லைன்னா மாட்டிக்க வேண்டியதில்லை. எப்படி?"

"லைட்டைப் பாரு. சிவப்பு."

நின்றேன். சித்தி என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"காணாம போன பாஸ்போர்ட்டைப் பத்தி நாலு பேர் பேசினாங்க. அம்மா என்ன சொன்னாங்க?"

"போச்சுன்னாங்க."

"மாமா?"

"எவனோ தூக்கிட்டான்னார்."

"பொண்ணு?"

"எங்கயோ விழுந்திருக்கும்னா. அதான் சொல்றேன், பழியைத் தன் மேலயே..."

"ஒளிச்சு வச்சவ 'நான்தான் தவற விட்டேன்'னு சொல்ல மாட்டாடா. தேடறவங்களைத் தன் பக்கமே இழுத்துக்குவாளா? அவளுக்கு நிஜமாவே தெரியாது. தொலைஞ்சது நல்லதாப் போச்சுன்னு மட்டும் நினைச்சிருக்கா. நாலாவது ஆள் என்ன சொன்னார்?"

யோசித்தேன். பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான்.

"எங்க இருந்தாலும்... பத்திரமா இருக்கும்னார்."

"மூணு பேருக்கு அது போயிடுச்சு. ஒருத்தருக்கு மட்டும் அது இருக்கு." சித்தி என் முதுகில் குடையால் ஒரு குத்து குத்தினார். "பச்சை விழுந்துடுச்சு. போ."

*

மருந்துக் கடையில் மாலை நேர வேலை என்று அம்மா போயிருந்தார். பெண்ணும் வீட்டில் இல்லை. குஷன்காரர் மட்டும் கடையில் தனியாக ஃபோம் ஷீட் வெட்டிக்கொண்டிருந்தார். சித்தி ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் வீட்டுக்குள் போய், அந்தப் பச்சை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் முன்னால் மேஜை மேல் வைத்தார்.

"இதைக் கொஞ்சம் பிரிச்சுத் தச்சுக் குடுக்கணுமே."

குஷன்காரரின் கத்தி பாதி வெட்டில் நின்றது. "நல்லாத்தானேம்மா இருக்கு."

"அதான் பிரச்சினை. இந்த வீட்டுல நல்லா இருக்கற நாற்காலி இது ஒண்ணுதான். பொண்டாட்டி இத்தனை வருஷமாக் கேட்டு நடக்காத வேலை, பாஸ்போர்ட் காணாம போன வாரத்துல நடந்திருக்கு. இவன் உக்காரப் போனா வேண்டாங்கறீங்க. உங்க பொண்ணு உக்காந்தா ஒண்ணும் சொல்லலை. அவ பாஸ்போர்ட் மேல அவளே உக்காரட்டும்னு விட்டுட்டீங்க."

அவர் மறுக்கவே இல்லை. கத்தியை வைத்தார். ஸ்டூலைக் கவிழ்த்து, அடித் துணியின் தையலை ஊசி முனையால் ஒவ்வொரு கண்ணாக நெம்பினார். அவசரமாக அறுத்திருக்கலாம். தான் போட்ட தையலைக்கூட அவருக்கு அறுக்கத் தெரியவில்லை. உள்ளே, ஃபோமில் அளவெடுத்து வெட்டிய ஒரு பள்ளத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட் படுத்திருந்தது. தொட்டிலில் போட்ட மாதிரி.

"இடம் கிடைக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் சித்தி. "பொண்ணு சொன்னாளா?"

"இல்லைங்க." அவர் பக்கத்தில் சாத்தியிருந்த ஃபோம் ஷீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். "லிஸ்ட் என்னாச்சுன்னு அவ அம்மா கேட்ட அன்னிக்குச் சாயங்காலம் ஒரு ஷீட்டை வெட்ட எடுத்தேன். மேல தொட்டா காஞ்சுதான் இருந்துச்சு. அமுக்கினேன், கை நனைஞ்சுது. ஃபோம் அப்படித்தாங்க, தண்ணிய உள்ள இழுத்துக்கும். கூரை ஒழுகலை. மழையும் இல்லை. யாரோ அதுல முகத்தை அழுத்தி வச்சுக்கிட்டு அழுதிருக்காங்க. ஃபோமுக்குள்ள அழுதா சத்தம் வெளிய வராது. சின்னதுல அவளை நான் அடிச்சா... அடிக்க மாட்டேன், திட்டினா... இங்க வந்துதான் அழுவா."

கையிலிருந்த ஊசியை மேஜை மேல் வைத்தார்.

"வீட்டுக்குள்ள போனா, முகத்தைக் கழுவிட்டு நின்னுக்கிட்டு 'எல்லாம் ஓகேம்மா'ங்கறா. அவ அம்மா புதுசா வாங்கின பெட்டியத் திறந்து காட்டிக்கிட்டிருக்கா."

"அப்பவே கேட்டிருக்கலாமே சார்," என்றேன்.

"கேக்க வாய் வரலை தம்பி. கேட்டா ஒண்ணு அவ என்கிட்டப் பொய் சொல்லணும், இல்ல நிஜத்தைச் சொல்லணும். ரெண்டுமே அவளுக்குக் கஷ்டம். அவளே வந்து சொல்லுவான்னு பார்த்தேன். அதுக்குள்ள மச்சான் விசாவுக்குத் தேதி வாங்கிட்டார். சோபா தைக்கக் குடுக்க வந்த ஒருத்தர் சொல்லியிருக்கார்ங்க, பொய்ப் பேப்பரோட அந்தக் கவுண்ட்டர்ல போய் நின்னா ஆயுசுக்கும் உள்ள விட மாட்டாங்களாம். என் பொண்ணு பேரு அந்த மாதிரி ஒரு இடத்துல ஏறணுமா? அதான் எடுத்துட்டேன். திருட்டுன்னு ஆயிட்டா எல்லாரும் திருடனைத் திட்டுவாங்க. அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

நான் மூக்கை உறிஞ்சினேன். ரெக்ஸின் பசை வாசனை கண்ணைக் கரிக்கிறது என்று யாரும் கேட்காமலேயே சொன்னேன்.

"அப்புறம் எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?"

"அவ அம்மாதான் துப்பறியறவங்களைக் கூப்பிட்டே ஆகணும்னு நின்னா. ஆளை நான் பாக்கறேன்னு சொல்லிட்டேன். கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் விசாரிச்சேன்." அவர் தயங்கினார். "மன்னிச்சுக்கங்க. எதையும் கண்டுபிடிக்காதவங்க யாருன்னு கேட்டேன். எல்லாரும் உங்களைத்தான் சொன்னாங்க. நீங்க தேடிப் போன நாய்க்குட்டி தானாவே வீட்டுக்கு வந்து, உங்களைத் தேட ஆள் அனுப்ப வேண்டியதாப் போச்சாமே."

சித்தி வாழ்க்கையில் முதல்முறையாகக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிடுங்கம்மா," என்றார் குஷன்காரர். பெரிய இரண்டு கையும் சேர்ந்து கும்பிட்டன. "உங்களுக்கு அது ஒண்ணும் புதுசு இல்லையே."

சித்தி தலையாட்டினார். தன் பெயரையே விட்டுக்கொடுப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிட்டு அடித்தவனை ஒருமுறைகூட விடாதவர். நான் ஸ்டூலை எடுத்துக்கொண்டேன், அவர் மறுபடி தைத்து மூட வசதியாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ள. என்னால் ஆன உதவி.

அப்போது வாசல் கதவு படாரென்று திறந்தது.

"ஏங்க! என் தம்பி போன் பண்ணினான்!" அம்மா மருந்துக் கடைக் கோட்டோடேயே ஓடி வந்திருந்தார். பின்னால் பெண், அம்மாவே அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். "பழசு கிடைக்காட்டிப் போகுது, புதுப் பாஸ்போர்ட்டே அவசரமா வாங்கிடலாமாம். அவனுக்கு ஆள் தெரியுமாம். இன்டர்வியூவையும் தள்ளிப் போட்டுட்டான். நாளைக்குக் காலையில இவளைக் கூட்டிட்டுப் போறானாம். எந்தத் திருடன் என்ன பண்ண முடியும் நம்மளை? ஏங்க, என்ன, சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல இப்படி நிக்கறீங்க?"

குஷன்காரர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. மேஜை மேலிருந்த ஊசியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"இருடி. அவசரப்படாத," என்றார். "என்ன இப்ப. அடுத்த வாரம் பாக்கலாம்."

"இதுலயும் அடுத்த வாரமா!"

பெண் அம்மாவைப் பார்க்கவில்லை. என் கையில் கவிழ்ந்திருந்த ஸ்டூலைப் பார்த்தாள். பிரித்த தையல். ஃபோமில் வெட்டிய பள்ளம். அதில் தன் பாஸ்போர்ட். பிறகு அப்பாவின் கையில் இருந்த ஊசி. அவள் கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொன்றாகக் கூடி வருவதை நான் பார்த்தேன். கண்டுபிடிப்பதில் அவள் எங்களைவிட வேகம்.

"எப்போலேர்ந்துப்பா?" என்றாள், சத்தமே இல்லாமல்.

அவர் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு, பக்கத்திலிருந்த ஃபோம் ஷீட்டை அவள் கண்ணில் படாத மாதிரி உடம்பால் மறைத்துக்கொண்டார். மறைக்க அதில் இப்போது ஒன்றும் இல்லை. இருந்தும் மறைத்தார்.

"என்ன எப்போலேர்ந்து? யாராவது எனக்குச் சொல்லுங்களேன்," என்றார் அம்மா. அவர் முகத்தில் சந்தோஷம் இன்னும் போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

சித்தியைப் பார்த்தேன். சித்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை ஹாலில், பேப்பரைக் கொடுக்கப்போகும் பிள்ளைக்குக் கடைசியாக ஒரு நிமிஷம் கொடுப்பாரே, அந்த மாதிரி.

யாராவது கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் நாளைக் காலையில் மாமா வந்துவிடுவார். சித்தி கேட்டிருந்தால் பக்குவமாகக் கேட்டிருப்பார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

"ஏம்மா," என்றேன், "உனக்கு அங்க இடம் கிடைச்சுதா, இல்லையா?"

அவள் வந்து என் கையிலிருந்த ஸ்டூலை வாங்கி, நிமிர்த்தி, தரையில் வைத்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து மெதுவாக அதில் உட்கார வைத்தாள். தானும் கீழே, அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இல்லண்ணா," என்றாள். "கிடைக்கலை. எங்கயுமே கிடைக்கலை."